கட்டை இறங்குது, சத்தம் வரலை

கேபிளின் ஒரு முனை தட்டை, மறுமுனை சதுரம். தட்டை லேப்டாப்புக்கு, சதுரம் மின்சாரப் பியானோவின் முதுகுக்கு. பியானோவை இழுத்தால் தரை கிறீச்சிடும். அதனால் பூனை சுவருக்கும் பியானோவுக்கும் நடுவிலிருந்த நான்கு விரல் இடைவெளியில் கையை விட்டு, இருட்டில் ஊசி கோர்ப்பதைப் போல அந்த ஓட்டையைத் தேடினாள். பக்கத்திலேயே பென்டிரைவ் செருகுவதற்கு இன்னொரு ஓட்டை இருந்தது. அது அவளைக் கால்மணி நேரம் ஏமாற்றியது. கடைசியில் சதுரம் சதுரத்தோடு சேர்ந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள். குறட்டை தொடர்ந்தது. நல்ல காலம்.

பூனை என்பது அண்ணன் வைத்த பேர். அவள் நடந்தால் காலடி கேட்காது. வெளியில் சொன்னால் செல்லப்பேர் என்பார்கள். அந்த வீட்டில் அது சட்டம். அண்ணன் தொலைதூர இரவு பஸ்ஸின் டிரைவர். மாலை ஏழு மணிக்குப் போனால் காலை எட்டுக்குத்தான் வருவான். ஒன்பதிலிருந்து ஐந்தரை வரைக்கும் தூக்கம். "நாற்பது பேர் உசிர் அந்தத் தலகாணி மேல படுத்திருக்கு" என்பாள் அண்ணி. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? டம்ளரைத் துணி மேல் வைப்பார்கள். தாளிப்பதை அவன் எழுந்த பிறகு வைத்துக்கொள்வார்கள். அண்ணி தலையணை உறை தைத்து விற்பவள். தையல் மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டு, பகல் முழுக்கக் கையாலேயே தைப்பாள். நாத்தனாரும் அண்ணியும் பேசுவதெல்லாம் கையால்தான். சத்தம் வராமல் வயிறு குலுங்கச் சிரிக்கவும் பழகிவிட்டார்கள்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கையை வளர்த்தவன் அவன்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பியானோவை மூன்று மாடி தூக்கி வந்து வைத்தவனும் அவன்தான். கூடவே ஒரு ஹெட்போன். "இதை மாட்டிக்கிட்டா யாருக்கும் தொந்தரவு கிடையாது, பாரேன்" என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹெட்போன் பாட்டை விழுங்கியது, விரல் பட்டுக் கட்டைகள் இடிப்பது தரை வழியாகச் சுவருக்குப் போவதை விழுங்கவில்லை. முதல் வாரத்திலேயே ஒருநாள் கண் சிவக்க எழுந்து வந்தான். திட்டவில்லை. "ஒண்ணுமில்லைம்மா, சுவரு பேசுது" என்றான். அன்றிலிருந்து கட்டைகளை மாவு தொடுவதைப் போலத் தொட்டாள். அப்படித் தொட்டால் ஹெட்போனிலும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் வால்யூம் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டாள். அவள் காதுக்குள் மழையும் இடியும் கொட்டின. சுவர் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மாதமாக அவள் வெளியூர் வேலைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்; பதில் வந்தது ஒன்றிலிருந்துதான். ஆறு மணி நேரப் பயண தூரத்தில், கடல் பக்கத்து ஊரில் ஒரு நடனப் பள்ளி. அங்கே பியானோ வாசிக்கிற அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, அடுத்த மாதத்தோடு நின்றுவிடப் போகிறார். அவர் இடத்துக்கு ஆள் தேடினார்கள். சம்பளமும் உண்டு, மாடியில் தங்க ஓர் அறையும் உண்டு. அந்த அறையில் பகல் பகலாக இருக்கும், அது போதும் அவளுக்கு. நான்கு பக்கப் பாடம் ஒன்றை அனுப்பி, அதை வாசித்துக் கேபிள் வழியாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வக்கீல் ஒருவருக்கு அவள் தட்டச்சு செய்துகொடுக்கிற லேப்டாப்பில் அதற்கான மென்பொருளை ஏற்றினாள். ஒரே மூச்சில் வாசித்து, பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டேகாலுக்குப் போன் அதிர்ந்தது. குளியலறைக்கு ஓடித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேசினாள்.

"ஏம்மா, நீ அனுப்பினதை எங்க பெரிய பியானோவில போட்டோம்." அந்தப் பியானோ அம்மாதான். "இது தானா வாசிக்கிற பியானோ, தெரியுமில்ல? ஃபைலைக் குடுத்தா ஆள் இல்லாமலே கட்டை இறங்கி வாசிக்கும். குழுவில அஞ்சு பேரும் உக்காந்திருக்காங்க, ஆடற பிள்ளைங்க காலைத் தூக்கிட்டு நிக்கிறாங்க..."

"நல்லா இருந்துச்சா?"

"கட்டை இறங்குது, சத்தம் வரலை."

"புரியலைம்மா."

"எனக்கும்தான் புரியலை. நாலு பக்கமும் கட்டை மட்டும் மேலயும் கீழயும் போய் வருது. கம்பியைத் தொடவே இல்லை. பேய் வாசிக்கிற மாதிரி இருக்குன்னு பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. இதோ பாரு, குழு அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். அதுக்குள்ள சரியா ஒண்ணு அனுப்பு. இல்லைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என் கையில எதுவும் இல்லை."

பூனைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கேபிள் விற்ற கடைக்கார அக்காவைக் கூப்பிட்டாள்.

"யாருங்க அது, குசுகுசுன்னு? வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டானா?"

"இல்லக்கா. பியானோவுக்குக் கேபிள் வாங்கினேனே. அதுல சத்தம் போக மாட்டேங்குது."

"அதுல சத்தம் எப்பவுமே போகாதும்மா. எந்தக் கட்டை, எப்போ, எவ்வளவு அழுத்தமா... அந்தத் தகவல் மட்டும்தான் போகும். நீ குமிழை எங்க வச்சாலும் அதுக்குத் தெரியாது. திரையில அடியில கோடு கோடா இருக்கும் பாரு, அதுதான் அழுத்தம். என்ன எண் போட்டிருக்கு?"

பூனை துண்டோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "ஒன்பது. பதினொண்ணு. எட்டு."

"எவ்வளவுக்கு எட்டு? நூத்தி இருபத்தேழுக்கு! நீ வாசிச்சியா, தூசி தட்டினியா?"

கடைக்கார அக்கா சிரித்துவிட்டு வழியும் சொன்னாள். எல்லாக் கோட்டையும் மவுஸால் வளைத்துப் பிடித்து மேலே இழுத்தால் போதும், எட்டு எண்பது ஆகிவிடும். "இப்போ எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. போம்மா, பயப்படாதே."

பூனை இழுத்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். கேட்டவுடன் கழற்றிவிட்டாள். வாசிக்கும்போது விரல் ஓரத்தில் பக்கத்துக் கட்டைகளை உரசியிருந்தாள் போலிருக்கிறது. அந்த உரசல்களுக்கு இரண்டு, மூன்று என்று அழுத்தம் விழுந்திருந்தது. அவள் காதுக்கே வராத அந்தத் தப்பெல்லாம் இப்போது எண்பதில் நின்று கூப்பாடு போட்டன. சந்தைக் கடையில் பாத்திரம் உருள்வதைப் போல் இருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் ஆகும்.

மணி மூன்று பத்து.

அண்ணி கையில் ஊசியோடு வந்து நின்றாள். விரலைத் திருப்பி, என்ன என்று கேட்டாள். பூனைக்குக் கையால் சொல்ல வரவில்லை. இதற்கு அவர்களிடம் சைகை இல்லை. காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி, அறை, ஐந்து மணி, எட்டு மாதம்.

அண்ணி ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் அண்ணனை எழுப்பப் போகிறாள் என்றுதான் பூனை நினைத்தாள். ஆனால் அண்ணி சுருட்டி வைத்திருந்த மெத்தை, போர்வை, தைத்து அடுக்கிய தலையணைகள் எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பல்லைக் கடித்துப் பியானோவை ஒரு பக்கமாகத் தூக்கி, காலுக்கு அடியில் மெத்தையைத் திணித்தார்கள். சுவரோரம் தலையணையை அடைத்தார்கள். பியானோ பிரசவம் ஆனவள் போலப் படுக்கை நடுவில் உட்கார்ந்திருந்தது.

"இப்போ குத்து" என்றாள் அண்ணி, காற்றுக் குரலில்.

பூனை குத்தினாள். குத்தியதாகத்தான் நினைத்தாள். திரையைப் பார்த்தாள். பதினேழு.

மறுபடி. தோளிலிருந்து பலத்தை இறக்கினாள். கட்டைக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் கை தானாக நின்றது, நின்று மெல்ல இறங்கியது. இருபத்தொன்று. அண்ணி பொறுக்கமாட்டாமல் தன் விரலால் ஒரு கட்டையை அடித்தாள். நூற்றுப் பத்து. பியானோவைப் பற்றி ஒன்றும் தெரியாத அண்ணிக்கு நூற்றுப் பத்து!

"கையில என்னடி உனக்கு?"

"தெரியலை அண்ணி. போக மாட்டேங்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவன்தான் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் தலையணை அடைத்தாயிற்று. கை இன்னும் அப்படியே இருந்தது. அடித்தால் யாரோ விழித்துக்கொள்வார்கள் என்று அந்த விரல்களுக்கு மட்டும் யாரோ தனியாகச் சொல்லிக்கொடுத்திருந்ததைப் போல. மூன்றரை. மூன்றே முக்கால். இருபத்தாறு, இருபத்திரண்டு, முப்பது. அழக்கூட நேரமில்லை. இந்தக் கையோடு அந்தக் கடல் பக்கத்து அறைக்குப் போனாலும் என்ன ஆகப்போகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. அதுதான் அவளை உண்மையாகவே பயமுறுத்தியது.

நான்கேகாலுக்கு அவள் குமிழைப் பார்த்தாள். எட்டு வருஷமாக வலது கோடியிலேயே நின்ற குமிழ், சுற்றிலும் தூசி படிந்து கிடந்தது. அதை இடது பக்கம் திருகினாள். கிட்டத்தட்ட கடைசி வரைக்கும்.

பழையபடி தொட்டாள். காதில் ஒன்றுமே இல்லை. இன்னொரு தரம் தொட்டாள். ஒன்றுமில்லை. செவிடாகிவிட்டோமோ என்று ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். அவளுக்கு உலகத்தில் இருந்ததே காதுக்குள் கேட்கிற அந்த ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. கை அதைத் தேடிப் போனது. அடித்தாள். எங்கேயோ தூரத்தில் லேசாகக் கேட்டது. இன்னும் பலமாக அடித்தாள். கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அண்ணி திரையைக் காட்டினாள். அறுபத்தெட்டு.

கை அதற்குப் பழகியதும் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மணி நான்கு நாற்பத்தெட்டு. இன்னொரு தரம் வாசிக்க நேரம் கிடையாது.

மெத்தை அவ்வளவுதான் தாங்கும். இரண்டாவது பக்கத்தில் தலையணை ஒன்று சரிந்தது. மூன்றாவது பக்கம் பிள்ளைகள் குதித்து ஆடுகிற இடம், இரண்டு கையும் ஒன்றாக விழ வேண்டும். அது விழுந்துகொண்டிருந்தபோது பக்கத்து அறைக் கதவு திறந்ததைக் கண்ணோரத்தில் பார்த்தாள். அண்ணன் லுங்கியை இறுக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பாட்டு கேட்கவில்லை. மர வேலை நடப்பதைப் போல டொக் டொக் என்று மட்டும் கேட்டது. நடுவில் மெத்தை மேல் பியானோ, அதன் மேல் குனிந்து தலைவிரிகோலமாகத் தங்கை. அவன் உள்ளங்கையை விரித்து மெல்லக் கீழே இறக்கினான். அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பூனையின் விரல்கள் சட்டென்று இளகின. நான்கு சுரங்கள் காதில் விழாமலே போயின. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடியபடியே நான்காவது பக்கத்தையும் அடித்து முடித்தாள்.

ஹெட்போனைக் கழற்றினபோது வீடு ஒரே அமைதியாக இருந்தது.

"என்ன நடக்குது இங்க? மரங்கொத்தி வளர்க்கறீங்களா?"

"எட்டு மாசமா வேலைக்கு எழுதிப் போட்டுட்டு இருக்கா" என்றாள் அண்ணி. "கடல் பக்கம். ஆறு மணி நேரம் ஆகும். தங்க ரூமும் தர்றாங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"எட்டு மாசமாவா தூங்கினேன்?"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பியானோவைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், தங்கையின் சிவந்த விரல்நுனிகளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று பூனை காத்திருந்தாள். கோபப்பட்டால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடலாம்.

"உன் இஷ்டம்" என்றான். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவள் கல்லூரியில் இசை படிக்கிறேன் என்றபோதும் அவன் சொன்னது அதுதான். தோழியோடு வேறு ஊரில் தங்கி வேலை பார்க்கிறேன் என்றபோதும் அதுதான். அண்ணி சொந்தமாகத் தையல் கடை போட இடம் பார்த்தபோதும் அந்த இரண்டே சொற்கள். அதைக் கேட்ட பிறகு இந்த வீட்டில் யாரும் ஓர் அடி எடுத்து வைத்தது கிடையாது. அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவன் யாரையும் தடுத்ததே இல்லை, இது ஊருக்கே தெரியும்.

மணி நான்கு ஐம்பத்தாறு. மூன்றாவது பக்கத்தில் நான்கு கோடுகள் குட்டையாக இருந்தன. அந்த நான்கு இடத்தில் பெரிய பியானோவின் கட்டை இறங்கும், சத்தம் வராது. ஆடுகிற பிள்ளைகள் அந்தரத்தில் நிற்பார்கள். திருத்த நேரமில்லை. பூனை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் சொன்ன இரண்டு சொற்களைத் தன் பக்கம் திருப்பி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என் இஷ்டம். சொல்லின் அர்த்தம் அவ்வளவுதானே, வேறென்ன?

அனுப்பினாள்.

நீல வளையம் சுற்றிச் சுற்றி நின்றது. நான்கு ஐம்பத்தெட்டு.

"போயிடுச்சா?" என்றாள் அண்ணி.

"போயிடுச்சு."

"எடுத்துப்பாங்களா?"

"நடுவுல நாலு சுரம் போச்சு அண்ணி. தெரியலை."

அண்ணி குனிந்து சரிந்த தலையணைகளை எடுத்தாள். உறையில் ஒட்டிய தூசியைத் தட்டப் போனவள், கதவைப் பார்த்துவிட்டு, தட்டாமல் கையாலேயே துடைத்தாள். ஒவ்வொன்றாக மடியில் அடுக்கிக்கொண்டாள். கடைசித் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு பூனையின் காதருகே வந்தாள்.

"அங்கே பியானோ வாசிக்கத் தெரியாதவங்களுக்கு ஏதாவது வேலை இருக்குமான்னு கேட்டுப் பாரேன்."

பூனைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணியும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தாள். அண்ணி சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.