பதினெட்டு நாளில் வளரும் பிள்ளைகள்

சீனாவின் யந்தாய் நகரத்தில் எட்டாம் எண் கட்டடத்தில் குடியிருந்த ஃபின்லாந்துக்காரி ரீக்காவின் இரண்டு பிள்ளைகளும் வருடத்தில் பதினெட்டு நாள் மட்டும்தான் வளர்ந்தார்கள். ஜூலையில் ஊருக்குப் போவார்கள். அங்கே ரீக்காவின் அப்பா சமையலறைக் கதவு நிலையில் அவர்களை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவார். ஒரு வருட வளர்ச்சி முழுவதும் அந்தப் பதினெட்டு நாளில் வந்து சேரும். திரும்பி வந்தால் மறு ஜூலை வரை ஒரு நூல்கூட நீளமாட்டார்கள். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் எலும்பில் குறையில்லை என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“கணுக்கால் தெரியுது பாரு, குளிர் அது வழியாத்தான் ஏறும். பச்சத்தண்ணி வேற குடுக்கிற. புள்ள எப்படிம்மா நீளும்?” என்று கீழ்வீட்டு சொங் அக்கா சின்னவள் சில்வியின் காலுறையை இழுத்துவிடுவாள். கேட் காவலர் லுவானுக்கு வேறு சந்தேகம். பஸ் கதவுக் கம்பியில் ஒரு கோடு உண்டு. தலை அதற்குக் கீழே இருந்தால் டிக்கெட் வாங்க வேண்டாம். அதற்காகவே பிள்ளைகளை வளரவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார்.

பெரியவன் ஓன்னிக்கு ஏழும் சில்விக்கு ஐந்தும் ஆன வருடம் ரீக்காவின் அப்பா இறந்தார். அவள் அண்ணன் அந்த வீட்டை விற்றான். வாங்கியவன் நிலைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தான். அதோடு வளர்ச்சி நின்றது. மூன்று வருடம் அதே செருப்பு. கணவன் கப்பல் இஞ்சின் சோதனைக்கு மாதத்தில் இருபது நாள் கடலில். பழகிய வெளிநாட்டுக் குடும்பங்கள் ஜூன் வந்தால் பெட்டி கட்டிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் நாலு மணி வரை ரீக்காவுக்குப் பேச ஆள் இல்லை. குரல் இருக்கிறதா என்று சில நாள் இருமிப் பார்ப்பாள். தன் வீட்டு நிலையிலும் கோடு போட்டாள். வாடகை வீடு, முன்பணத்தில் பிடிப்பார்களே என்று அன்றே அழித்தும்விட்டாள்.

ஒரு செப்டம்பரில் லுவான் ஆணியோடு வந்து பிள்ளைகளை கேட் சுவரோடு நிறுத்தினார்.

“தேதி போட்டுக் கீறி வைக்கிறேன். உங்க திருட்டுத்தனம் அடுத்த மாசம் தெரிஞ்சிடும்.”

“கீறுங்க பெரியவரே, யாராவது கீறட்டும்” என்றாள் ரீக்கா.

அடுத்த மாதம் பிள்ளைகளின் தலை கோட்டுக்கு மேல் நாலு விரல் ஏறியிருந்தது. அடியில் செங்கல் வைத்திருக்கிறார்களா என்று லுவான் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். புத்தாண்டுக்குள் மூன்று வருட பாக்கியும் வந்து சேர்ந்தது.

அந்த ஜூலையில் ஊருக்குப் போனார்கள். பதினெட்டு நாளும் பிள்ளைகள் அங்கே வளரவில்லை. பத்தாம் நாளே, “வீட்டுக்கு எப்பம்மா போறோம்?” என்று ஓன்னி கேட்டான். 

திரும்பியதும் ரீக்காவே கேட் சுவரோடு போய் நின்றாள்.

“உனக்கெதுக்கு? நீதான் வளந்து முடிஞ்சவளாச்சே.”

“பரவால்ல, போடுங்க.”

லுவான் முக்காலி போட்டு ஏறிக் கீறினார்.

அதிலிருந்து மாதம் பிறந்தால் வந்து நிற்கிறாள். அளவு மயிரிழையும் மாறியதில்லை. லுவான் நம்பாமல் அதே இடத்தில் மறுபடி கீறுகிறார். பதினோரு வருடமாயிற்று. பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் படிக்கப் போய்விட்டார்கள். அவளுடைய கோடு சுண்டுவிரல் நுழையும் ஆழம் இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது.