முதல் பெண்கள் அணி

நகராட்சி நீச்சல் குளத்தில் துண்டும் சாவியும் எடுத்துக்கொடுக்கும் வேலை அவளுக்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தே செய்யலாம். இடது கால் முழங்காலுக்குக் கீழே உணர்விழந்து பல வருடங்கள் ஆகிவிட்டதால், அவளுக்கு ஏற்ற வேலை என்று கொடுத்திருந்தார்கள்.

அன்று மதியம் கூட்டமில்லை. சுவர்த் தொலைக்காட்சியில், ராணுவத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைக் காட்டினார்கள். ஆண்டு விழா வருகிறதாம். பள்ளியின் வரலாற்றை நூலாக வெளியிடுகிறார்களாம். "வரலாற்றிலேயே முதன்முறையாகப் பெண்கள் அணி" என்றது குரல். வெள்ளை பனியன் போட்ட பெண்கள் கயிறு ஏறினார்கள்.

"அந்தக் கயித்துல நான் ஏறியிருக்கேன்" என்றாள், பக்கத்திலிருந்த குளத்துக் காவலரிடம்.

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையாட்டினார். அந்த மரியாதைதான் சுட்டது.

அவள் இளம்பெண்ணாக இருந்தபோது, சோதனை முறையில் என்று சொல்லி அந்தப் பள்ளியில் ஒரு பெண்கள் அணியைச் சேர்த்தார்கள். உயரமான இவளுக்கு நெட்டை என்று பெயர் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரி குருவி. இருவரும் ஒரே சோப்பைப் பாதியாக வெட்டிக் குளித்தவர்கள். இறுதித் தேர்வு நெருங்கிய சமயம், மல்யுத்தப் போட்டிக்கென்று கூடத்திலிருந்த மெத்தைகளையெல்லாம் தலைமைப் பயிற்சியாளர் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் கூடத்தில் தாண்டுபெட்டி முன் நின்றார்கள்.

"மெத்தை இல்லாம எப்படி சார்?" என்று கேட்டது குருவிதான்.

"மெத்தை வேணும்னா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்க. தாண்டு!" என்றார் பயிற்சியாளர்.

முதலில் தாண்டியவள் நெட்டை. கை வழுக்கி, வெறும் சிமெண்டுத் தரையில் முதுகு பட விழுந்தாள்.

விசாரணை நடந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடந்தாள். மெத்தை இருந்தது, நெட்டைதான் கவனமில்லாமல் குதித்தாள் என்று குருவி சாட்சி சொன்னாள். பெண் உடம்புக்கு இது ஒத்துவராது என்று அணியையே கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். குருவிக்கு மட்டும் பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தொலைக்காட்சியில் பார்த்த மறுநாளே நெட்டை விடுப்பு சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு அந்தப் பள்ளிக்கு பஸ் ஏறினாள். குருவி இப்போது அலுவலகத் தலைவி. வரலாற்று நூலைத் தொகுத்தவளும் அவளே. இவளைக் கண்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"நெட்டை... உட்காருடி."

"பேர் ஞாபகம் இருக்கா? பரவாயில்லையே. முதல் அணின்னு எழுதினது யாரு?"

"நான்தான். பயிற்சிய முடிக்காத அணி கணக்குல வராது."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுக்கு நல்ல விளக்கம்."

குருவி மேசைக் கண்ணாடியைத் தேய்த்தாள். "உன்ன எழுதினா நீ விழுந்தத எழுதணும். அத எழுதினா மெத்தைய எழுதணும். கூடத்துக்கு நம்ம பயிற்சியாளர் பேர வைக்கப்போறாங்க."

"அவருதான் செத்துட்டாரே, இன்னும் என்ன பயம்?"

"நான் சாகலையே."

குருவியே தொடர்ந்தாள்: "எங்கப்பா அப்போ படுத்த படுக்கை. எனக்குக் கீழ தங்கச்சிங்க. நான் உண்மையச் சொல்லியிருந்தா உன் கால் திரும்பி வந்திருக்குமா?"

"வந்திருக்காது. ஆனா எங்கப்பா சாகற வரைக்கும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'கொஞ்சம் பாத்துக் குதிச்சிருக்கக் கூடாதாம்மா'ன்னு."

குருவி அழுதாள். நெட்டை கிளம்பும்போது விழாவுக்கு ஒரு அனுமதி அட்டையைக் கையில் திணித்தாள். "என் விருந்தாளியா வா. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." வாங்கவே கூடாது என்று நினைத்த கை வாங்கிக்கொண்டது.

விழாவில் நெட்டை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். புதுப் பெண்கள் தாண்டுபெட்டியைத் தாண்டினார்கள். கீழே நீல மெத்தைகள் இரட்டை அடுக்காகக் கிடந்தன. ஒவ்வொருத்தி இறங்கும்போதும் இவள் முதுகு விறைத்தது. எல்லாம் முடிந்து தேநீர் நேரத்தில் ஒரு பெண்ணை நெருங்கி, "உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு அணி இருந்துச்சும்மா. நானும் அதுல இருந்தேன்" என்றாள்.

அந்தப் பெண் குழம்பிப்போய் அருகிலிருந்த குருவியைப் பார்த்தாள். பள்ளியை நடத்தும் தளபதியும் திரும்பிப் பார்த்தார்.

குருவி சிரித்தாள். "என் பழைய தோழி. கொஞ்சம் உடம்பு சரியில்ல. எதையாவது சொல்லிட்டிருப்பா."

நெட்டைக்கு அடிவயிற்றிலிருந்து குரல் எழுந்தது.

"அணி... நேர் நில்!"

பெண்கள் தேநீர்க் கோப்பையோடு விறைத்து நின்றார்கள். கூடமே அடங்கியது. "இங்க மெத்தை இல்லாம என்னைக் குதிக்கச் சொன்னாங்க. எப்படி சார்னு கேட்டவ இதோ நிக்கிறா. கேளுங்க அவள!"

யாரும் கேட்கவில்லை. தளபதி கையசைக்க, வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியது. காவலாளி ஒருவர் அவள் முழங்கையைப் பதமாகப் பிடித்து, "படி இருக்கு, பாத்து வாங்கம்மா" என்று வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

சில நாட்கள் கழித்துக் குளத்துக்குத் தொலைபேசி வந்தது. எதிர்முனையில் குருவி.

"விசாரணை வச்சிருக்காங்க."

"மெத்தையப் பத்தியா?"

"உனக்கு அட்டை கொடுத்தது யாருன்னு. ஓய்வு பெறப்போற நேரத்துல என்னை வீட்டுல உட்கார வச்சுட்டாங்க. மெத்தையப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. திருப்தியாடி இப்ப?"

நெட்டை யோசித்துப் பார்த்தாள். திருப்தியாக இருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"இல்ல" என்றாள்.

தடுப்புக்கு வெளியே யாரோ துண்டு கேட்டுக் கண்ணாடியைத் தட்டினார்கள்.