பின்சன்னலில் ஒரு கை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என்னுடைய சொந்தச் சரக்கு என்று பார்த்தால் ஒரே ஒரு கைதான். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி வாக்கில், ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் நான்குவழிச் சாலையில் அதைப் பார்த்தேன். எனக்கு முன்னால் பச்சை நிறத்தில் ஒரு குட்டி ஜீப். அதன் பின்னால் கொக்கி போட்டு மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, அந்த மாதிரி டிரெய்லர். நம் ஊரில் எல்லோருக்கும் அது கேரவன்தான். அதன் பின்சன்னலில் திரை விலகி ஒரு கை தெரிந்தது. கண்ணாடி வளையல் போட்ட பெண் கை. பெட்டி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அந்த வண்டியைத் தாண்டிப் போய்விட்டேன். அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்று கேட்கிறாள் என் மனைவி சுபலட்சுமி. நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதிலை அப்புறம் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "யானைமலை வெயிலில் படுத்துக் கிடந்த அந்தக் காலையில்..." வேண்டாம். அது எல்லாக் கதையிலும் படுத்துத்தான் கிடக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "பாண்டிச்செல்விக்கு* அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது..." இதுவும் பொய். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சன்னல் திரைக்குப் பூப்போட்ட துணி எடுத்துத் தைத்தவளே அவள்தான்.

(* பெயர் நான் வைத்தது. கையை மட்டும் பார்த்தவன் வேறு என்ன செய்ய முடியும்?)

மூன்றாம் தொடக்கம் நேராக விஷயத்துக்கு வருகிறது.

கே.கே. நகரில் வீட்டு வாசலில் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலில் பொங்கல் வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது, அதற்குள் பானை பொங்கியாக வேண்டும். அரிசி மூட்டை, வெண்கலப் பானை, விறகுக்கட்டு, இரண்டு தண்ணீர் கேன் எல்லாவற்றையும் கேரவனின் பின்கதவைத் திறந்து அங்கேயே அடுக்கினான் விக்ரம், பாண்டிச்செல்வியின் கணவன். சாமான் என்றால் பின்னால்தான் ஏற்ற வேண்டும், காரின் டிக்கி மாதிரி. அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சந்தேகம் வந்தது ஆள் கணக்கில்தான். ஜீப்பில் மொத்தம் நாலு இருக்கை. விக்ரம் ஓட்டுகிறான். அவன் தங்கை தமிழ்வாணி முன்னால் ஏறிவிட்டாள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் பின்னால் ஏறிவிட்டார்கள்.

"செல்வி, நீ கேரவன்ல படுத்துக்கிட்டு வாயேன். ராணி மாதிரி வரலாம்" என்றான் விக்ரம்.

"எங்களுக்கெல்லாம் ஏது மதினி அந்தக் குடுப்பினை!" என்றாள் தமிழ்வாணி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

பாண்டிச்செல்வி சிரித்தாள். அந்த வீட்டில் இடம் பத்தாதபோதெல்லாம் எழுந்துகொள்வது அவள்தான், அதை யாரும் ஏவ வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஏறிப் பின்பக்கப் படுக்கையில் உட்கார்ந்தாள். கதவு வழியில் திறந்துகொள்ளக் கூடாதென்று விக்ரம் வெளித்தாழ்ப்பாளைப் போட்டான். அவளுடைய போன் ஜீப்பில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

3

இங்கே சுபலட்சுமி குறுக்கிட்டாள்.

"அந்த விக்ரமை அரக்கனாக்கப் போறீங்க, எனக்குத் தெரியும்."

"பொண்டாட்டிய உள்ள வச்சுப் பூட்டுறவனை வேற எப்படி எழுதச் சொல்ற?"

"உங்க அக்கா குடும்பத்தோட அழகர்கோயில் போனோமே, அன்னைக்கு நான் எங்க உக்காந்து வந்தேன்?"

யோசித்தேன். குட்டியானை வண்டியின் பின்தட்டில், சாமான்களோடு.

"பொங்கப்பானைய மடியில வச்சுக்கிட்டு" என்றாள். "நீங்க முன்னாடி டிரைவர் பக்கத்துல. அம்புட்டுப் பெரிய அரக்கனா நீங்க?"

ஆகவே விக்ரமைத் திருத்தி எழுதினேன். டிரெய்லரில் ஆள் ஏறக்கூடாது என்பது சட்டம் என்று எங்கோ கேட்டிருக்கிறான், மறந்துவிட்டான். மனைவிமேல் அவனுக்குப் பிரியம் உண்டு. ஒத்தக்கடையில் நிறுத்தி அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தான், ஆனால் நேரமாகிவிட்டது. எண்பதில் போனான்.

4

வண்டி ஏன் அப்படி ஆடியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூசி, வண்டியூர்ப் பக்கம் டிரெய்லர் கட்டித் தரும் நூருல் அமீனைத் தேடிப் போனேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார்.

"எடை முன்னாடி இருக்கணும்ண்ணே. கொக்கி மேல கொஞ்சமாச்சும் பாரம் உக்காரணும். பின்னாடி ஏத்துனீங்கன்னா, வேகம் கூடினதும் வாலை ஆட்ட ஆரம்பிச்சிரும். அப்புறம் ஆட்டம் ஏறிக்கிட்டே போகும்."

"அப்ப என்ன செய்யணும்?"

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கணும். ஸ்டீயரிங்க நேராப் பிடிக்கணும். பிரேக் மட்டும் ஆகாது. பிரேக்கைப் போட்டா, பின்னாடி வர்ற பெட்டி முன்னாடி போற வண்டியவே சுத்தி மடக்கிரும்."

பிறகு அவராகவே கேட்டார்: "நீங்க ஹாரன் அடிச்சீங்களா?"

"இல்லையே."

"நல்லவேளை. ஹாரன் கேட்டா நம்மாளு முதல்ல மிதிக்கிறது பிரேக்கைத்தான்."

எனக்கு அப்படியொரு நிம்மதி. வீடு வரும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்: நான் ஹாரன் அடிக்கவில்லை, நல்லவேளை. ஏதோ எல்லாம் தெரிந்துதான் அடிக்காமல் இருந்தவன் மாதிரி.*

(* அமீன் இன்னொன்றும் சொன்னார். "பின்னாடியே கொஞ்சம் தள்ளி வந்து, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, வேற வண்டி எதுவும் அதுக்குப் பக்கத்துல போகாம மறிச்சிருக்கலாம்ண்ணே. பெரிய வண்டி பக்கத்துல போனா அந்தக் காத்தே போதும், தள்ளிவிட்ரும்." இதை முதலில் கதையில் சேர்க்கவில்லை. இப்போதும் அடிக்குறிப்பில்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.)

5

ஒத்தக்கடை தாண்டியதும் பெட்டி லேசாக ஆடத் தொடங்கியது. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று பாண்டிச்செல்வி நினைத்தாள். காலை நீட்டினாள். அடுத்த ஆட்டத்தில் விறகுக்கட்டு சரிந்து அவள் முழங்காலில் இடித்தது. அதற்கடுத்த ஆட்டத்தில் வெண்கலப் பானை உருண்டு போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க! மெதுவாப் போங்க!" என்று கத்தினாள்.

முன்சுவரில் சன்னல் இல்லை. ஜீப்பில் பிள்ளைகள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவரும் நாலடி இடைவெளியும், அவ்வளவுதான்.

இங்கே நான் ஒரு திருட்டு வேலை செய்கிறேன். நூருல் அமீனைத் தூக்கி அவளுடைய கதைக்குள் வைக்கிறேன். இந்தப் பெட்டியைக் கட்டியவர் அவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி எடுத்த அன்று விக்ரம் ஜீப்பில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, "எடை முன்னாடி இருக்கணும்மா" என்று அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அது இப்போது ஞாபகம் வந்தது. அரிசி பின்னால் இருக்கிறது. தண்ணீர் பின்னால் இருக்கிறது. நானும் பின்னால்தான் இருக்கிறேன்! எட்டடி தவழ்ந்து முன்சுவரோடு போய் ஒண்டிக்கொண்டால், கையோடு அரிசி மூட்டையையும் இழுத்துக்கொண்டு போனால், ஆட்டம் குறையலாம்.

எழுந்தாள். அப்போதுதான் திரை விலகி, பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் வருவது தெரிந்தது. ஓட்டுகிறவர் கண்ணாடி போட்டவர். பக்கத்தில் ஒரு பெண்.

முன்னால் போய்விட்டால், இந்தப் பெட்டிக்குள் ஓர் ஆள் இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது. சன்னலில் நின்றால் அவர்களுக்குத் தெரியும், ஆனால் அவள் பாரம் பின்னாலேயே கிடக்கும். பாண்டிச்செல்வி சன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையைக் கண்ணாடியில் வைத்து அடித்தாள்.

அந்தக் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். அவர் முகத்தில்

[இந்த வாக்கியத்தில் நாலு நாள் நின்றேன்.]

6

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

சொல்லிவிட்டேன். சுபலட்சுமி நாற்காலியைவிட்டு விலகிப் போய் சன்னலோரம் நிற்கிறாள்.

நம் ஊரில் கேரவன் என்றால் உள்ளே சினிமாக்காரர்தானே? "ஏங்க, எந்த நடிகையோ! கை காட்டுது பாருங்க!" என்று பக்கத்து சீட்டில் இருந்த இவள் துள்ளினாள். நானும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினேன். நன்றாக, பெரிதாக ஆட்டினேன். இவள் போனில் படம் பிடித்தாள். பதினோரு வினாடி. "யாருன்னு கண்டுபிடிங்க" என்று ஸ்டேட்டஸ் போட்டாள். அறுபத்துமூன்று பேர் பார்த்தார்கள். சாயங்காலம் இவளோடு வேலை பார்க்கும் தமிழ்மாறன் மட்டும் ஒரு வரி அனுப்பினான்: "அக்கா, அது டாட்டா காட்டுற கை மாதிரி தெரியலையே."

பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணாடியில் உள்ளங்கை வெளுத்துப் போகிற அளவுக்கு அடிக்கிறாள்.

இப்போது மறுபடியும் பெட்டிக்குள் போகிறேன், போய்த்தான் ஆக வேண்டும். பின்னால் வந்தவர் சிரித்துக் கையாட்டியதும் பாண்டிச்செல்வி நம்பிவிட்டாள். பார்த்துவிட்டார், புரிந்துகொண்டார், "இருங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். முன்னால் தவழ்ந்து போகக் கிளம்பியவள் அதனால்தான் போகவில்லை. சன்னலிலேயே நின்றாள். வீடியோவில் முகம் தெரியவில்லை, ஆனால் ஆறாவது வினாடியில் அந்தக் கை அடிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அப்படியே பதிந்து நிற்கிறது. காத்திருக்கிற கை அது. நான் கையாட்டாமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள்!

எனக்குப் பின்னால் ஒரு பஸ் வழி கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட நான் வேகமெடுத்து ஜீப்பைத் தாண்டினேன். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தது, பஸ்ஸின் மூக்கு அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்ததை. உடனே இடப்பக்கக் கிளைச்சாலை வந்துவிட்டது, திரும்பிவிட்டேன். உறவில் ஒரு காதுகுத்து. கிடா வெட்டியிருந்தார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

7

ஒரு வாரம் பேப்பரை வரி விடாமல் படித்தேன். டோல்கேட் வரை போய் டீக்கடைகளில் விசாரித்தேன். பச்சை ஜீப்பா, எத்தனையோ போகுது சார் என்றார்கள். ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: அவள் கம்பியை விட்டுவிட்டுத் தவழ்கிறாள். அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு முன்சுவர் வரை போகிறாள். ஆட்டம் அடங்குகிறது. டோல்கேட்டில் விக்ரம் தாழ்ப்பாளைத் திறக்கிறான். அவள் நேரே போய் ஜீப்பின் முன்கதவைத் திறந்து நிற்கிறாள். தமிழ்வாணி எழுந்துகொள்கிறாள். நல்ல முடிவு, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்று நானே எழுதிக்கொண்டது.

இரண்டாம் முடிவு: "பஸ் ஹாரன் அடித்தது. விக்ரமின் கால் பிரேக்கில்..."

"எழுதாதீங்க" என்றாள் சுபலட்சுமி. "நீங்க எழுதுனா அது நடந்த மாதிரியே இருக்கும்."

நான் எழுதவில்லை. எனக்கு இந்தக் கதையை முடிக்கிற யோக்கியதையும் இல்லை.

ஆகவே வாருங்கள், என் காரில் உட்காருங்கள். மணி பத்தரை. வேகம் எண்பது. முன்னால் பச்சை ஜீப், வாலை ஆட்டும் வெள்ளைப் பெட்டி. உங்களுக்குப் பின்னால் பஸ் வழி கேட்கிறது. ஹாரன் உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது, நாலு இண்டிகேட்டரையும் போடுகிற பொத்தான் நடுவில், சிவப்பு முக்கோணம் போட்டது. என்னைவிட உங்களுக்கு இப்போது அதிகம் தெரியும். பூப்போட்ட திரை விலகுகிறது. வளையல் கை எழும்புகிறது. பாண்டிச்செல்வி உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள், அதை வைத்துத்தான் முன்னால் போவதா நிற்பதா என்று முடிவெடுக்கப் போகிறாள்.

உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள். சிரித்து மட்டும் வைக்காதீர்கள்.