பெரியவரின் கையெழுத்து

சமூகப் பணியில் முதுகலை முடித்தாலும் மனநல ஆலோசனை சொல்ல உரிமம் உடனே கிடைத்துவிடாது. உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வே எழுதலாம். அவளுக்கு வாய்த்தவரை, அவள் வேலை பார்த்த ஆலோசனை மையத்தில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவள் எதையாவது கேட்கப் போனால் போனைத் தடவிக்கொண்டே, "நீயே பாத்துக்கம்மா, கெட்டிக்காரியாச்சே" என்பார். இன்னும் இரண்டு மாதம்தானே என்று பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் ஒரே சிரிப்பு. பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுது காட்டினார்.

"போனை எடுக்கத்தான் திரும்பினேன் மேடம்... அதுக்குள்ள புள்ள தொட்டியில..."

பல வாரம் வாயே திறக்காமல் இருந்த ஒரு தாய் போன வாரம்தான் அவளிடம் சொன்ன வார்த்தைகள் அவை. அடுத்து என்ன செய்வது என்று கேட்க, அவள்தான் அதை இவரிடம் கொண்டுபோயிருந்தாள்.

"அந்தக் குழந்தை செத்துப்போச்சு சார்."

"தெரியும்மா. இந்த வேலையில சிரிக்கலைன்னா நமக்கே கழண்டுரும்." உதட்டோரம் ஒட்டியிருந்த சோற்றை நாக்கால் துழாவி எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அக்கா சொன்னாள்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு கையெழுத்த வாங்கிருடி. அப்புறம் அந்தாளு மூஞ்சியில எதுக்கு முழிக்கப் போற?"

"அந்தக் கையெழுத்த வச்சுக்கிட்டு அந்தம்மா முன்னாடி எப்படி உக்காருவேன்?"

உரிமம் வழங்கும் கவுன்சிலில் புகார் கொடுத்தாள். அவர் கையெழுத்து இல்லாமல் இதுவரை பார்த்த வேலையும் கணக்கில் சேராது என்றார்கள். பரவாயில்லை என்று வேலையை விட்டாள்.

கடைசி நாள் அந்தத் தாய் வந்தாள். "இனிமே பெரிய சார்தான் என்னைப் பாப்பாராம். நல்ல மனுஷனா?"

அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தான் போகிற இடத்துக்கே வந்துவிடும்படியும் கெஞ்சினாள்.

தாய் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அவர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

தாய் எழுந்து போய்விட்டாள்.

பெரியவருக்கு ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு சரி. அவள் வேறொரு மருத்துவமனையில், ஒவ்வொரு கேஸையும் குடைந்து குடைந்து கேட்கும் ஒரு சிடுசிடுப்புக்கார அம்மாளிடம் முதலிலிருந்து தொடங்கி, உரிமமும் வாங்கினாள். அந்தத் தாய் அங்கே வரவேயில்லை. பெரியவரின் கீழே இந்த வருடமும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, வாயில் ஊறிய கசப்பைத் துப்ப வாஷ்பேசினுக்குப் போனாள்.