எதிர்ப்பிடி

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம் மலேசியாவிலிருந்து விடுப்பில் வந்த லூர்து பிரகாஷ், ஓர் அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுவந்து தங்கச்சாமியின் வீட்டு வாசலில் இறக்கினான். மரம் அறுக்கும் மெஷின் வருகிறது என்று காலையிலிருந்து வழி பார்த்து நின்ற மனிதன் ஆசையாகப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே மெஷினைக் காணோம். எஞ்சின் கூடு ஒரு பையில், பிஸ்டன் ஒரு பையில், கார்புரேட்டர் ஒரு பையில், திருகுகள் ஏழெட்டுப் பைகளில். அடியில் ஒரு நீண்ட இரும்புப் பட்டையும் சுருட்டி வைத்த பல் சங்கிலியும் கிடந்தன.

"முழு மெஷினாக் கொண்டாந்தா ஏர்போர்ட்டுல புடிச்சு வச்சுக்கிருவாங்கண்ணே. அதான் உதிரியா வாங்கினேன். கம்பெனிச் சாமான் இல்ல, அதே அளவுல வேற ஆளுக அடிக்கிறது. பூட்டிக்கிட்டா ஓடும்" என்றான் பிரகாஷ்.

பூட்டிக்கொண்டால் ஓடுமாம்! சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். கூட வந்த காகிதத்தில் இருந்த எழுத்து சீனாக்காரனுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் பிரகாஷைக் குறை சொல்லக் கூடாது. போன வருஷக் காற்றில் அவன் அம்மா சந்தனமேரியின் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்த வாகையைத் தங்கச்சாமியும் அவன் பெண்டாட்டி சிட்டாளும்தான் ஓடு உடையாமல் அறுத்து இறக்கினார்கள். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த நன்றியில் வந்த பெட்டி இது.

நேமத்தான்பட்டியிலும் சுற்றுப்பட்டிலும் மரம் அறுக்க வேண்டுமென்றால் இந்தப் புருஷன் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவார்கள். கூட அறுத்துக்கொண்டிருந்த தம்பி சத்தியமூர்த்தி திருப்பூருக்குப் போன வருஷம், ரெண்டு முனையிலும் பிடி வைத்த ரெண்டாள் ரம்பத்தின் எதிர்ப்பிடியைச் சிட்டாள் பிடித்தாள். இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. பொம்பளை மரம் அறுப்பதா என்று முதலில் ஊர் கேலி பேசத்தான் செய்தது. பிறகு அந்த வாய்களே "சிட்டாளையும் கூட்டிக்கிட்டு வாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தன.

ஆனால் ஒன்று. எதிர்ப்பிடி வீட்டு ஆளுக்கு மட்டும்தான். விடிந்தது முதல் அந்தி வரை மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்து, ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும்படி செய்கிற வேலை. வேற்று ஆண்பிள்ளையோடு எந்தப் பொம்பளையும் அந்த ரம்பத்தைப் பிடித்ததில்லை. பிடிக்கச் சொல்லி எவனும் கூப்பிடவும் மாட்டான். பள்ளத்தூர் அழகம்மாள் அப்படித்தான் ஆனாள். புருஷன் செத்த மறுமாதமே அவள் ரம்பம் ஆணியில் தொங்கித் துருப்பிடித்தது. அவள் பெரிய வீடொன்றில் பாத்திரம் தேய்க்கப் போனாள். வைரம் பாய்ந்த புளியமரத்தைச் சாய்த்த கை அது. நினைத்தால் வயிறு எரியாதா?

தங்கச்சாமிக்கும் அழகம்மாள் நினைப்புத்தான் இப்போதெல்லாம். காரணம் இருந்தது.

ரெண்டாள் ரம்பத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. உன் முறைக்கு இழு, எதிராளி முறைக்குக் கையைத் தளர்த்து, தள்ளாதே. தள்ளினால் தகடு வளையும், அறுத்த முகத்தில் அலை அலையாக வரி விழும். சிட்டாள் ரம்பம் பிடித்த முதல் நாள் தள்ளித் தள்ளி அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தள்ளியதே இல்லை, இந்த மாசி மாதம் வரை.

மாசியில் வலையபட்டியில் ஒரு வேம்பை அறுத்து முடித்துத் துண்டைப் புரட்டினால், முகம் முழுக்க அலை. அந்த அலையைப் பார்த்தபடி தங்கச்சாமி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாளாகவே நாலு இழுப்புக்கு மூச்சு முட்டியது, கால் வீங்கியது. இழுக்கிறோம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இழுக்கவில்லை. அவன் முறைக்கும் அவள்தான் அந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள், வாய் திறக்காமல், மூஞ்சியில் காட்டாமல். அவனுக்கு அழுகை வந்தது. வேர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் உப்புப் போட்ட கருவாடு வாங்கப் போகிறேன் என்று காரைக்குடிக்கு பஸ் ஏறி டாக்டரைப் பார்த்தான். இருதயம் பெருத்துப்போய்விட்டது, இனிக் கனமான வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னார். "எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டான். "அதை யாராலும் சொல்ல முடியாதுப்பா. மாத்திரையை மட்டும் விட்டுடாதே" என்றார் அவர். கருவாட்டை மறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தான். மூச்சு முட்டுவதற்குச் சளிக்கட்டு என்று வீட்டில் காரணம் சொல்லிவிட்டு, மெஷின் ஒன்று வேண்டுமென்று சந்தனமேரி மூலமாக மலேசியாவுக்குச் சேதி அனுப்பினான். தான் போவதற்குள், எதிர்ப்பிடியே வேண்டாத ஒரு ரம்பத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் அதை அவளிடம் சொல்ல முடியவில்லையே! மாத்திரை அட்டைகளை மெஷின் பெட்டியின் அடியில், சீனாக் காகிதத்துக்குக் கீழே ஒளித்து வைத்தான்.

"இப்ப எதுக்கு இந்த மெஷினு?" என்று சிட்டாள் கேட்டாள்.

"ஊரு ஒலகமெல்லாம் மெஷினுக்கு மாறிருச்சு. நாம மட்டும் இழுத்துக்கிட்டே கெடக்கணுமா?"

"இருபத்தஞ்சு வருசமாப் புடிச்ச கை சலிச்சுப் போச்சாக்கும்."

அவன் குனிந்து திருகாணிப் பையைப் பிரித்தான். அவள் வெடுக்கென்று எழுந்து உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்து, அரிசி புடைக்கிற தன் புதுச் சுளகை அவன் முன்னால் வைத்தாள். "சாமானத் தரையில பரப்பாதீக. ஒண்ணு கெடைக்கும், ஒண்ணு கெடைக்காது." கோபத்திலும் அவளுக்குப் புத்தி வேலை செய்யும்.

மொபெட் கடை வைரவன் மத்தியான வேளைகளில் வந்து சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுக்கத்தான் விட்டான் தங்கச்சாமி, பூட்ட விடவில்லை. ஒரு திருகு கூட வேறு கை போடக் கூடாது என்று அப்படி ஒரு வீம்பு. கிராங்கைக் கூட்டில் உட்காரவைக்க மூன்று நாள் ஆயிற்று. பிஸ்டன் வளையத்துக்கு எண்ணெய் தடவி, குழந்தைக்குக் காப்பு மாட்டுவதுபோல் பொறுமையாக மாட்டினான். நாலு திருகுக்கு ஒருமுறை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். "என்னண்ணே, மெஷினுக்கு முந்தி நீ ஸ்டார்ட் ஆயிருவ போலருக்கே" என்று வைரவன் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும் பாவம்.

பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம் ஒன்று, மீன்முள் அளவுகூட இருக்காது, கவ்விப் பிடித்த சாமணத்திலிருந்து விடுபட்டு விண்ணென்று பறந்தது. வாசல் மண் முழுக்கத் தேடினார்கள். இல்லை.

"அது இல்லாம ஓட்டவே கூடாதுண்ணே. பின்னு வெளிய வந்து சிலிண்டரக் கிழிச்சிரும். இந்தச் சைசு இங்கெங்கயும் கெடைக்காது" என்றான் வைரவன்.

ஒரு மீன்முள்ளில் வந்து நின்றுவிட்டதே எல்லாம்! சிட்டாள் பெட்டியை உள்ளே தூக்கிப்போய்க் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு வந்தாள். சுளகிலிருந்த சாமான்களைத் தன் முந்தானையில் கொட்டி அவனிடம் கொடுத்தாள். வாசல் மண்ணைக் கூட்டிக் குவித்து, சுளகு சுளகாக அள்ளிப் புடைத்தாள். எள்ளில் கல் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சுளகாகப் பார்த்தாள். ஒன்பதாவது சுளகில் வளையம் மினுங்கியது. எடுத்து ஊதி, அவன் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல. வேலையப் பாருங்க."

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் முழுசாயிற்று. தங்கச்சாமி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சை அறுத்தான். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை நாலு தரம் இழுத்ததும் அவனுக்குக் கண் இருட்டியது. "கயிறு வழுக்குது" என்று வைரவனிடம் கொடுத்தான். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்து உறுமியது, பாருங்கள், காக்காய்கள் பறந்தன, கூட்டம் ஓவென்று கத்தியது. தங்கச்சாமி இரண்டு கையாலும் மெஷினை வாங்கி வேப்பந்துண்டின் மேல் வைத்தான்.

சங்கிலி பட்டையைச் சுற்றிப் பறந்தது. மரம் அறுபடவில்லை. அழுத்தினான். புகை வந்தது. இன்னும் அழுத்தினான். மரத்தின் மேல் கரேலென்று ஒரு தீய்ந்த கோடுதான் விழுந்தது.

"வெறகு அறுக்கச் சொன்னா சாம்பிராணி போடுதப்பா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் சொன்னான். அத்தனை பேரும் சிரித்தார்கள். வைரவனும் விழித்தான். "எஞ்சினு நல்லா இருக்குண்ணே. பல்லுதான் மட்டச் சாமான் போல" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

தங்கச்சாமி அன்று சோறு உண்ணவில்லை. சிரிப்பையெல்லாம் அவன் பொருட்படுத்தவில்லை. அழகம்மாளின் வீட்டு ஆணியில் தொங்கும் ரம்பம்தான் கண்ணுக்குள் நின்றது. இனி வேறு பெட்டி வராது. வந்தாலும் பூட்ட அவன் இருக்க மாட்டான். நம்மால் ஆகவில்லையே, இவளை அம்போவென்று விட்டுவிட்டுத்தானே போகப்போகிறோம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் எழுந்து வந்தால், சிட்டாள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ரம்பத்துக்கு அரம் போடுவது எப்போதும் அவள் வேலை. பல்லைக் கண்ணால் பார்க்க மாட்டாள், கட்டைவிரலால்தான் பார்ப்பாள். சங்கிலியின் மேல் விரலை அங்குட்டும் இங்குட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்குட்டு வாங்க. விரல வச்சுப் பாருங்க. இப்படி வந்தா கடிக்குது. அப்படிப் போனா வழுக்குது."

அவன் விரலை வைத்துப் பார்த்தான்.

"நம்ம ரம்பம் போகையிலயும் அறுக்கும், வரையிலயும் அறுக்கும். இது ஒரு பக்கமாத்தான் அறுக்கும் போலருக்கு. நீங்க மாத்தி மாட்டிட்டீக."

தங்கச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். முப்பது வருஷமாக ரெண்டு பக்கமும் அறுக்கிற பல்லையே பார்த்தவனுக்கு, ரம்பத்துக்கு ஒரு திசை உண்டென்று எப்படித் தோன்றும்? சங்கிலி எப்படி மாட்டினாலும் சங்கிலிதானே என்று மாட்டியிருந்தான். மொபெட் செயினையே பார்த்துப் பழகிய வைரவனுக்கும் அது தோன்றவில்லை. இருவருமாக மூடியைக் கழற்றிச் சங்கிலியைத் திருப்பிப் போட்டார்கள்.

"கயித்த நீ இழு" என்றான்.

அவள் சேலையை இழுத்துச் செருகி, மெஷினை மிதித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தாள். பிடித்துக்கொண்டது. "ரெண்டு கையும் விட்றாத! மரத்துல வச்சுட்டுச் சும்மா இரு, அதுவா எறங்கும்!" என்று அவன் கத்தினான். அவள் வைத்தாள். மாவு சிதறுவதுபோல் மரத்தூள் அவள் கால் மேல் கொட்டியது. ரெண்டு பேர் கால் மணி நேரம் இழுக்கிற துண்டு, வெற்றிலை மடிக்கிற நேரத்தில் இரண்டாக விழுந்தது.

அவனுக்கு உயிர் வந்தது. இனிப் பயமில்லை. சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்திக் கீழே வைத்துவிட்டு, துண்டின் முகத்தைக் கையால் தடவினாள். அலையே இல்லை.

"நான் தள்ளுனது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"மாசியிலருந்து."

"அப்பறம் ஏன் வையல? தள்ளுனா வைவீகளே."

தங்கச்சாமி தரையைப் பார்த்தான். "வைஞ்சா நீ நிறுத்திருவியே புள்ள. நீ நிறுத்துனா எனக்கு ஒண்ணுமில்லாமப் போயிருமே."

அவள் உதடு கோணியது. "மாத்திரையும் எனக்குத் தெரியும். வளையம் தேடையில பெட்டிக்கு அடியில பாத்தேன். எதுக்கு இந்த மெஷினுன்னு அன்னைக்கே வெளங்கிருச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒத்தையில மரம் அறுக்க வழி பண்ணிட்டீக. ஒத்தையில ஒக்காந்து எப்படிங்க சோறு திம்பேன்?"

அவன் பக்கத்தில் போய் அவள் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்தான். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவனும் அழுதான். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

அழுது ஓய்ந்ததும் சிட்டாள் எழுந்து உள்ளே போனாள். பழைய ரெண்டாள் ரம்பத்தை எடுத்து வந்து, மிச்சமிருந்த வேப்பந்துண்டின் மேல் வைத்தாள்.

"வாங்க. புடிங்க."

"என்னால இழுக்க முடியாது புள்ள."

"ஒங்கள யாரு இழுக்கச் சொன்னா? சும்மா புடிங்க."

அவன் எதிரே உட்கார்ந்து பிடியைப் பிடித்தான். அவள் இழுத்தாள். அவன் முறை வந்ததும், அவனைப் பார்த்துக்கொண்டே, மறைக்காமல் தள்ளினாள். அவன் கை ரம்பத்தோடு போனது, ரம்பத்தோடு வந்தது. வெயில் ஏறும்வரை அறுத்தார்கள். வெட்டு கோணலாகத்தான் வந்தது.