தக்காளிக்குப் போர்த்திய பெட்ஷீட்

பீரோவை இன்னொரு முறை திறந்து கலைத்தான். மழைக்கோட்டு, பழைய தலையணை உறைகள், அம்மாவின் ஸ்வெட்டர். அப்பாவின் மேல் போர்த்த வீட்டில் ஒரு பெட்ஷீட் இல்லை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் காலத்தை ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்றபோது கழித்துப்போட்ட பெட்ஷீட்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவர். அவர் வீட்டில் பெட்ஷீட்டுக்குப் பஞ்சம் என்றால் யார் நம்புவார்கள்?

"எல்லாம் தோட்டத்துல இருக்குடா," என்றாள் அம்மா. கூடத்துக் கட்டிலில் அப்பா கிடந்தார். அவர் தலைமாட்டை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை.

பின்கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. வெயில் கொளுத்த வேண்டிய மாதம் இது. இந்த வருஷம் எல்லாமே தலைகீழ். வெயில் முன்கூட்டியே வந்து தொலைத்ததில் தக்காளியும் அவரையும் அவசர அவசரமாகப் பூத்தன. பிஞ்சு விடும் நேரத்தில், போன குளிர் எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வந்தது. கத்தரிப் பூ கொட்டியது. முள்ளங்கி கிழங்கே வைக்காமல் பூத்து நின்றது. "செடிங்களுக்கே ஒண்ணும் புரியலடா, எனக்கு எங்க புரியப்போவுது?" என்று அப்பா போனில் சிரித்தார்.

சாயங்காலமானால் பாத்திகளுக்குப் பெட்ஷீட் போர்த்துவார். வெயில் ஏறியதும் எடுப்பார். இன்று விடிகாலையில் காற்று ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கிறது. அதைத் திரும்பப் போர்த்தத் தனியாகப் போயிருக்கிறார். அடுப்புப் பற்றவைக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர்தான் முதலில் பார்த்தார். வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், பெட்ஷீட்டின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி. டாக்டர் வந்து, மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

தக்காளிப் பாத்திக்கு ஒற்றை ஆளாகப் போர்த்த முடியாது. ஒருபக்கம் இழுத்தால் மறுபக்கம் கொழுந்து ஒடியும். அதனால் எப்போதும் அம்மாவை எழுப்பி, "வா, அந்தப் பக்கம் பிடி" என்பார்.

இன்று மட்டும் எழுப்பவில்லை.

காலையிலிருந்து அம்மா கேட்பது அந்த ஒன்றைத்தான். டாக்டரிடம் கேட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். "பக்கத்துலதானே படுத்திருந்தேன். என்னை ஏன் எழுப்பல?"

"உங்க தூக்கத்தைக் கெடுக்க வேணாம்னு நெனச்சிருப்பாருக்கா," என்றார் பேக்கரிக்காரர்.

"அவரா? கண்ணு முன்னாடி இருக்கற செருப்பை எங்கேன்னு கேக்க எழுப்புற மனுஷன்."

பதில் அவனிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. முந்தாநாள் போனில் அப்பாவிடம் கத்தியிருந்தான். "அம்மா இருமிக்கிட்டே இருக்கு. நாலு தக்காளிக்காக அதைக் குளிர்ல இழுத்துட்டுப் போகாதீங்கப்பா." அப்பா "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு நல்லது செய்த நினைப்பில் அவன் போனை வைத்தான்.

வேலியோரம் தரையில் கிடந்த அந்தப் பெட்ஷீட்டை எடுத்து உதறினான். ஈரமாக இருந்தது, தக்காளி இலை வாசம் அடித்தது. வேறு வழியில்லை. அதையே கொண்டுவந்து அப்பாவுக்குப் போர்த்தினான். கழுத்தருகே இருந்த சுருக்கத்தை அம்மா நீவிவிட்டாள். அவனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா மேலா, வானத்தின் மேலா, அந்தத் தக்காளியின் மேலா என்று பிடிபடவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் காலையிலிருந்து மேகம் விலகவில்லை. மற்ற பாத்திகளின் பெட்ஷீட்டை எடுக்கலாமா கூடாதா என்பதுகூடத் தெரியாமல் அப்படியே விட்டிருந்தான்.

மதியம் வண்டி வந்தது. வந்தவர்கள் தங்கள் துணியைப் போர்த்தி அப்பாவைத் தூக்கினார்கள். இந்தப் பெட்ஷீட்டை நான்காக மடித்து அவன் கையில் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக அவளுடைய பையை வாசலில் கொண்டுவந்து வைத்தான். கூடத்தில் அவளைக் காணோம்.

தக்காளிப் பாத்தியருகே நின்றிருந்தாள். கையில் அந்தப் பெட்ஷீட்.

"அந்தப் பக்கம் பிடி."

"அம்மா, இது அப்பா மேல போட்டது."

"தெரியுது. பிடி. குளிர் எறங்குது."

பிடித்தான். கை மேலே எழவில்லை.

"நான்தாம்மா சொன்னேன். உன்னை எழுப்பக் கூடாதுன்னு."

"தெரியும்," என்றாள் அம்மா. "உங்கப்பா என்னிக்கு ஸ்பீக்கர் போடாம பேசியிருக்காரு? தெருவே கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன் காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் கேட்டே?"

அம்மா பெட்ஷீட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து யாரு பேச்சையும் கேக்காத மனுஷன்டா. டாக்டர் பேச்சைக் கேட்டாரா? என் பேச்சைக் கேட்டாரா? இதை மட்டும் ஏன் கேட்டாரு?"

"தோள் வரைக்கும் தூக்கு," என்றாள். "நான் தலையாட்டினதும் எறக்கு. இழுக்காதே."

அம்மா தலையாட்டினாள். பெட்ஷீட் காற்றை வாங்கி உப்பி, மெல்லச் செடிகளின் மேல் அமர்ந்தது. அவன் பக்கம் மட்டும் குட்டையாகிப் போய், ஒரு பச்சைத் தக்காளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"காலைல எப்பம்மா எடுக்கணும்?"

"வெயில் வந்தா."

அம்மா சுற்றி வந்து தக்காளியை உள்ளே தள்ளினாள். முனையை இழுத்துவிட்டு, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தாள்.