குடிப்பாறையில் விட்டுவந்தவர்கள்

வாந்திபேதி வந்த வருஷம் குடிப்பாறைக் குகையில் கொண்டுவிடப்பட்ட இசக்கியம்மாள், இந்த மாசி மாதம்வரை அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். விட்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அது வெள்ளைக்காரன் காலம். அதன்பிறகு அவளுக்கு வயது கூடவில்லை.

குடிப்பாறை என்பது ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே, வயல்கள் முடிந்து தேரி என்கிற செம்மணல் மேடுகள் தொடங்குகிற இடத்தில் நீளமாகக் கிடக்கும் மணற்பாறை மேடு. மேலே ஏறி நடந்தால் ஒரு பக்கம் நெல்லும் வாழையும், மறுபக்கம், வெயில் தெளிவாக இருந்தால், உப்பளங்களின் வெள்ளையும் தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன்களும் தெரியும். பாறையின் கிழக்கு முகத்தில் வரிசையாகக் குகை வீடுகள். குடைந்தவர்கள் துறவிகள் என்கிறார்கள். கல்படுக்கையும் விளக்கு மாடமும் வெட்டியிருக்கிறது. துறவிகளுக்குப் பிறகு பஞ்சத்தில் வந்தவர்கள் குடியிருந்தார்கள், பிறகு ஆடு மேய்ப்பவர்கள், கடைசியாக நோயாளிகள். அடிவாரத்துக் கீழக்குடியூரில் பேதி கண்டவர்களைக் கட்டிலோடு தூக்கிப்போய் ஒரு பானைத் தண்ணீருடன் வைத்துவிட்டு வருவார்கள். பிழைத்தால் வீட்டு ஆள் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் யாரும் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

ஸ்ரீவைகுண்டத்து ஆசிரியை ஜான்ஹவிக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னதால், அவளும் கணவர் ரங்கநாத்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேட்டில் நடக்கத் தொடங்கினார்கள். கடைசிக் குகையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பதுபோல, “தண்ணி இருக்கா?” என்றது. ஆடு மேய்க்கும் பெண்ணாக இருக்கும் என்று ரங்கநாத் சொன்னார். ஜான்ஹவி பாட்டிலை நீட்டினாள். வாங்கிய கை சருகுபோல் இருந்தது. அந்தப் பெண் பாட்டிலைக் காலி செய்தாள், உதடு நனையவில்லை.

“எங்கண்ணன் சாயங்காலம் வாரேன்னு சொல்லிட்டுப் போனான். வழியில பாத்தீயளா?”

யார், எந்த வீடு என்று ஜான்ஹவி விசாரித்ததும், பேதி கண்டு அண்ணன் தன்னை இங்கே விட்டுப்போனதை அவள் சொன்னாள். ரங்கநாத் பாறையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுடன் வா என்று கூப்பிட்டதற்கு, வீட்டு ஆள்தான் வந்து கூப்பிடணும் என்று இசக்கியம்மாள் சொல்லிவிட்டாள்.

கீழக்குடியூருக்கு இது செய்தியே அல்ல. மேல்காற்று நிற்கிற நாட்களில் அந்தக் குரல் வயல்வரை கேட்கும். அந்த நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டுவிடுவது அங்கே பழக்கம். அவளை விட்டுவந்த அண்ணன் தொண்ணூறு வயதுவரை இருந்து செத்துப்போனார். அவர் மகன் மாடக்கண்ணுவுக்கே எழுபதுக்கு மேல். ஜான்ஹவி தேடிப் போனபோது அவர் வீட்டுக் கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எங்க அத்தைதான் டீச்சர். இல்லன்னு சொல்லல. கூட்டிட்டு வந்தா நோயும் பின்னாலயே வரும். சின்னஞ்சிறுசு இருக்கிற ஊரு.”

அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மருமகள் தங்கத்தாய். கொரோனா வந்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. மறுநாள் காலை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாறைக்கு நடந்தாள்.

இசக்கியம்மாள் அவளைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். “நீ யாரு?” என்று கேட்டாள். “ஒங்க அண்ணன் பேரனுக்கு வாக்கப்பட்டவ, ஆச்சி. வீட்டுக்குக் கூப்பிட வந்திருக்கேன்” என்று சொல்லும்போது தங்கத்தாய்க்குக் கூச்சமாக இருந்தது. அண்ணன் ஏன் வரவில்லை என்றாள் இசக்கியம்மாள். காய்ச்சலில் கிடக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் தங்கத்தாய் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். ஆனால் செத்துப்போனதைச் சொன்னாள். இசக்கியம்மாள் வெகுநேரம் அழுதாள். கண்ணீர் வரவில்லை, கன்னத்தில் செம்மண் உதிர்ந்தது. பிறகு எழுந்து நடந்தாள். மேட்டின் முழு நீளமும் இருவரும் வெயிலில் நடந்து வந்தார்கள். தூரத்துப் புகைபோக்கிகளைக் காட்டி, அங்கன என்ன எரியுது என்று கேட்டாள். கரண்டு எடுக்கிறார்கள் என்றாள் தங்கத்தாய். எத்தனை பிணமோ என்று பயந்துவிட்டதாக இசக்கியம்மாள் சொன்னாள்.

ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. மாடக்கண்ணு வாசலில் குறுக்கே நின்றார். மருமகள் இசக்கியம்மாளோடு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வாரத்துக்குள் ஊரில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. குடிதண்ணீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது என்று சுகாதாரத் துறை ஆட்கள் தோண்டிக் காட்டினார்கள். குழியை எட்டிப் பார்த்துவிட்டு ஊர் இசக்கியம்மாளைத்தான் சொன்னது.

மாடக்கண்ணு பேதியில் கடுமையாக விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “என்னத் தூக்கிட்டுப் போவாதிய, தூக்கிட்டுப் போவாதிய” என்று கத்தினார். மகன் காலைப் பிடித்துக் கெஞ்சியும் விடவில்லை. வண்டி திரும்பிப் போயிற்று. இசக்கியம்மாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் தண்ணீர் விட்டாள்.

“எங்கய்யாவ ஒண்ணும் நெனச்சுக்கிடாத அத்தை” என்றார் மாடக்கண்ணு. “சாகுறவரைக்கும் அவரு பாறை கெடக்கிற கெழக்க மொகம் திருப்பல.”

“இருவத்திரெண்டு வயசுப் பய அவன். பயந்திருப்பான்லா” என்றாள் இசக்கியம்மாள். “நீ குடி.”

அவர் குடித்தார்; பேதி நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம் அந்த மடியிலேயே செத்தார். தகனம் முடிந்து திரும்பியதும் ஊர்ப் பெரியவர்கள் வந்து, அவளைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றார்கள். தங்கத்தாயின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். தங்கத்தாய் வெளியே வந்தாள். “கட்டில் கெடக்கு. யார் யாரு தூக்கப் போறிய, பேரச் சொல்லுங்க” என்றாள். யாரும் பேர் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. இசக்கியம்மாள் வாழைக்கு மண் அணைக்கப் போகிறாள். அவள் முதுகில் வேர்வை துளிர்த்ததைத் தங்கத்தாய் பங்குனியில் முதல்முறையாகப் பார்த்தாள்.

சித்திரை பிறந்தபின் மற்ற குகைகளும் கூப்பிட ஆரம்பித்தன. அதுவரை அவை சத்தமில்லாமல் இருந்தவை. ஆள் வந்து கூப்பிட்டால் இறங்கலாம் என்பது உள்ளே இருந்தவர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குரலும் ஒரு வீட்டின் பேரைச் சொல்லித் தண்ணீர் கேட்டது. சிலது குழந்தைக் குரல். நடைக்குப் போன ஜான்ஹவி எல்லாக் குகைக்கும் கேன் கொண்டுபோய் வைத்தாள். தூக்கித் தூக்கி ரங்கநாத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் குறைந்தது, குரல் குறையவில்லை.

முதலில் முத்துமணி என்பவன், யாரிடமும் சொல்லாமல், விடிந்ததும் போய் ஒரு கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் இரண்டு வீட்டார் போனார்கள். இப்போது காலை வேளையில் குடிப்பாறைப் பாதையில் குடத்தோடு யாராவது ஏறுவதைப் பார்க்கலாம். எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. போகாத வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் டிவி சத்தம் கூடுதலாக இருக்கும்.